விவரத்தாளில் இல்லாத பக்கம்

நங்கநல்லூரிலும் அதை அடுத்துள்ள பழவந்தாங்கல், ஆதம்பாக்கம், மீனம்பாக்கம் பகுதிகளிலும் குடியிருந்து, நாள்தோறும் மின்சார ரயிலிலோ கல்லூரிப் பேருந்திலோ பொறியியல் படிக்கச் செல்லும் மாணவ மாணவியருக்கு,

இறுதியாண்டு புராஜெக்டுக்கு ட்ரோனையோ, ட்ரோனில் பொருத்தும் கேமராவையோ, கேமரா அனுப்பும் படத்தில் ஆளையும் வண்டியையும் பிரித்தறியும் மென்பொருளையோ உங்களில் பலர் தேர்ந்தெடுத்திருப்பீர்கள் என்பதை அறிந்தே இம்மடல் எழுதப்படுகிறது. அத்தேர்வில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ரயிலில் சில நிலையங்கள் தள்ளிக் குரோம்பேட்டையில், 1949இல் சி. ராஜம் நிறுவிய எம்.ஐ.டி. வளாகம் ஆளில்லா வானூர்தி ஆய்வில் பெயர்பெற்று விளங்குகிறது. சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சி ஆகிய ஐந்து முனைகளை இணைக்கும் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரியில் தொடங்கப்பட்டதிலிருந்து, வேலைவாய்ப்பு பற்றிய பேச்சில் ட்ரோன் என்ற சொல் அடிபடாத வீடு உங்கள் தெருவில் அரிது. ஆனால் நீங்கள் செய்யும் அந்த ட்ரோனை உங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து நீங்களே பறக்கவிட இயலாது. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, இயங்கும் விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அமைந்த வான்வெளி, அனுமதியின்றிப் பறக்கத்தக்க பச்சை மண்டலத்தில் சேராது. மீனம்பாக்கம் ஓடுபாதைக்கு இத்தனை அருகில் வசிக்கும் உங்களுக்கு, பறக்கும் பொருள் ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்ற நியதி புதியதன்று. அப்பொறுப்பு ஆயுதம் தாங்கிய ட்ரோனில் எங்கே போய்ச் சேர்கிறது என்பதே இம்மடலின் கவலை.

இந்தியா வாங்கும் ஆயுதந்தாங்கிய ட்ரோன் எது என்று கேட்டால், எம்.கியூ-9பி என்ற பெயரை உங்களில் பெரும்பாலோர் உடனே சொல்லிவிடுவீர்கள். அமெரிக்காவின் ஜெனரல் அட்டாமிக்ஸ் நிறுவனம் தயாரிக்கும் அவ்வூர்தியின் கடல்சார் வடிவத்திற்கு ஸீகார்டியன் என்றும், நிலம்சார் வடிவத்திற்கு ஸ்கைகார்டியன் என்றும் பெயர். 2024 அக்டோபர் 15 அன்று கையெழுத்தான, ஏறத்தாழ 32,000 கோடி ரூபாய் மதிப்புள்ள ஒப்பந்தத்தின்படி 31 ஊர்திகள் வரவிருக்கின்றன: கடற்படைக்கு 15, தரைப்படைக்கும் விமானப்படைக்கும் தலா 8. அதன் சிறகுகள் முனைக்கு முனை 24 மீட்டர் நீளம், அதாவது உங்கள் ஊர் ஆஞ்சநேயர் சிலையின் 32 அடி உயரத்தைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. முழுச் சுமையுடன் மேலெழும்போது அதன் எடை 5,670 கிலோகிராம். ஜெட் விசையைவிடக் குறைந்த எரிபொருளில் உந்துவிசிறியைச் சுழற்றும் டர்போப்ராப் என்ஜினால் இயங்கும் அவ்வூர்தி, 40,000 அடி உயரம் வரை ஏறவும், ஆயுதச் சுமை இல்லாத நிலையில் 40 மணி நேரத்துக்கு மேல் வானிலேயே தங்கவும் வல்லது. கடற்பரப்பை 360 பாகையும் துழாவும் ரேடாரும், நீர்மூழ்கியின் ஒலியைக் கேட்பதற்காகக் கடலில் வீசப்படும் சோனோபாய் என்னும் மிதவைகளும் அதன் கடல்சார் வடிவத்துக்கு உரியவை. டேட்டாஷீட் என்று நீங்கள் அழைக்கும் விவரத்தாள் இவற்றையெல்லாம் துல்லியமாகத் தருகிறது. நீங்களும் அவற்றை மனப்பாடமாக ஒப்பிக்கிறீர்கள்.

ஆயுதங்களுக்கும் விவரத்தாள் உண்டு. 2024 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அனுப்பப்பட்ட விற்பனை அறிவிப்பில், இந்தியாவுக்கான தொகுப்பில் 170 ஹெல்ஃபயர் ஏவுகணைகளும், 113 கிலோகிராம் வகையைச் சேர்ந்த 310 சிறுவிட்டக் குண்டுகளும் இடம்பெற்றிருந்தன. ஹெல்ஃபயர் ஏறத்தாழ 49 கிலோகிராம் எடையும், 8 கிலோமீட்டர் அளவில் எட்டும் திறனும் உடையது. லேசர் கற்றை இலக்கின்மீது பட்டுத் தெறிக்கும் ஒளியைப் பின்பற்றிச் செல்வதால், அதனைச் செலுத்தியவரோ அவருக்குத் துணையான உணர்கருவி இயக்குநரோ அந்த ஒளிப்புள்ளியை இறுதிவரை இலக்கின்மீது நிறுத்திவைத்திருக்க வேண்டும். எட்டக்கூடிய முழுத் தொலைவிலிருந்து ஏவப்பட்டால் அது சென்று சேர அரை நிமிடம் அளவுக்கு ஆகும். சராசரி நடையில் செல்லும் ஒருவர் அந்த அரை நிமிடத்தில் 40 மீட்டர் நடந்துவிடுவார் என்பது நீங்கள் பள்ளியிலேயே போட்ட கணக்கு. நங்கநல்லூரின் குறுக்குத் தெரு எதையேனும் மனத்தில் கொண்டு அந்த 40 மீட்டரை நீங்கள் அளந்து பார்க்கலாம்: எத்தனை வீட்டு வாசற்கதவுகள் அதற்குள் வருகின்றன, எந்தக் கதவு எப்போது திறக்கும் என்பதை ஏவுபவர் எங்ஙனம் அறிவார் என்ற வினாக்களுக்கு விவரத்தாளில் கட்டம் எதுவும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

செயற்கைக்கோள் வழியாக ஊர்தியை இயக்கும்போது இன்னொரு தாமதமும் சேர்கிறது. புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதால், ஊர்தியின் கேமரா கண்ட காட்சி மேலேறிக் கீழிறங்கித் தரைநிலையத் திரைக்கு வந்து சேரவே கால் விநாடி அளவுக்கு ஆகிறது. இயக்குநரின் கட்டளை அதே வழியில் திரும்பிச் செல்ல இன்னொரு கால் விநாடி. படத்தைச் சுருக்கி மறையாக்கி விரிக்கும் நேரம் தனி. இந்த அரை விநாடி விவரத்தாளில் பறக்கும் உயரத்துக்குப் பக்கத்தில் அச்சிடப்படுவதில்லை என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

இவ்வூர்தி உங்களுக்குத் தொலைதூரச் செய்தியன்று. 2020 நவம்பர் முதலே இரண்டு ஸீகார்டியன்களைக் குத்தகைக்கு எடுத்து, ராணிப்பேட்டை மாவட்டம் அரக்கோணத்திலுள்ள ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து கடற்படை இயக்கி வருகிறது. அவை வேவுப் பணிக்கென எடுக்கப்பட்டவை. அவற்றுள் ஒன்று 2024 செப்டம்பர் 18 அன்று, பறக்கும்போதே சரிசெய்ய இயலாத தொழில்நுட்பக் கோளாறுக்கு ஆளாகி, சென்னைக்கு அப்பால் வங்கக் கடலில் கட்டுப்பாட்டுடன் இறக்கப்பட்டது. கடலின்மேல் பாதுகாப்பான பகுதிக்கு அதனைக் கொண்டுசென்று இறக்கிய குழுவினரின் திறமை பாராட்டத்தக்கது. எனினும், கோளாறு எந்த உறுப்பில், எந்த வரிசையில், எத்தகைய முன்னறிகுறியுடன் நேர்ந்தது என்பது பொதுவெளிக்கு வரவில்லை. 40 மணி நேரம் பறக்கும் என்ற திறன் உலகமே அறிந்த எண்ணாக இருக்க, அது எவ்வாறு தோற்கும் என்பது சில வரி அறிக்கையோடு முடிந்துபோயிற்று. உள்நாட்டு முயற்சியிலும் இதே சாய்வைக் காணலாம். பாதுகாப்பு ஆராய்ச்சி வளர்ச்சி நிறுவனத்தின் தபஸ் ட்ரோன், 30,000 அடி உயரமும் 24 மணி நேரமும் எட்ட வேண்டும் என்று விதிக்கப்பட்டிருக்க, 28,000 அடியையும் 18 மணி நேரத்தையும் எட்டி நின்றது. அந்த இரு எண்களின் குறைவே செய்தியாயிற்று. அதன் கேமரா ஓர் ஆளை எத்தனை தொலைவில் தவறாக அடையாளம் காணும் என்ற எண்ணை எவரும் கேட்கவில்லை.

அந்த எண்ணைக் கணக்கிட உங்களுக்கு ரகசிய ஆவணம் எதுவும் தேவையில்லை. ஒளி ஒரு வில்லையின் விளிம்பில் வளைவதால் படத்தின் நுண்மைக்கு இயற்கையே ஓர் எல்லை விதிக்கிறது என்பதும், அலைநீளத்தை வில்லையின் குறுக்களவால் வகுத்து 1.22ஆல் பெருக்கினால் அவ்வெல்லை கோணமாகக் கிடைக்கும் என்பதும் முதலாண்டு இயற்பியலில் நீங்கள் படித்தவை. 20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு வில்லையை எடுத்துக்கொள்ளுங்கள். உடலின் வெப்பத்தைப் படம்பிடிக்கும் இரவுக் கேமராவில் அலைநீளத்தை 4 மைக்ரோமீட்டர் எனக் கொண்டால், 8 கிலோமீட்டர் தொலைவில் 20 சென்டிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் உள்ள இரு புள்ளிகள் ஒன்றாகவே தெரியும். அதாவது, அங்கே ஓர் ஆள் நிற்கிறார் என்பது தெரியும்; அவர் கையில் இருப்பது குழாயா, துப்பாக்கியா, குடையா என்பது தெரியாது. பகல் வெளிச்சத்தில் கணக்கு இதைவிட எட்டு மடங்கு நன்று, ஆனால் தூசியும் வெப்பக்காற்றின் அலைவும் ஊர்தியின் அதிர்வும் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். நுண்மை எவ்வளவு கூடினாலும் கேமரா காண்பது வடிவத்தை மட்டுமே. உள்ளே இருப்பதை அது காண்பதில்லை.

காபூலில் 2021 ஆகஸ்ட் 29 அன்று நிகழ்ந்தது இதற்குச் சான்று. எம்.கியூ-9 ரீப்பர் ஊர்தியைக் கொண்ட அமெரிக்கக் குழு, வெள்ளை நிற டொயோட்டா காரொன்றை ஏறத்தாழ எட்டு மணி நேரம் பின்தொடர்ந்தது. அக்காரில் ஏற்றப்பட்டவை வெடிபொருள்கள் என முடிவு செய்தது. கார் ஒரு வீட்டு முற்றத்தில் நுழைந்ததும் ஒரு ஹெல்ஃபயரை ஏவியது. இறந்தவர் பத்துப் பேரும் பொதுமக்கள். அவர்களில் ஏழு பேர் குழந்தைகள். காரை ஓட்டியவர் ஓர் அமெரிக்க உதவி நிறுவனத்தின் ஊழியர். அன்று அவர் ஏற்றியவை வீட்டுக்கான தண்ணீர்க் கேன்கள் என்பதைப் பின்னர் செய்தியாளர்கள் கண்டறிந்தனர். முதலில் அத்தாக்குதலை நியாயமானதென அறிவித்த பென்டகன், செப்டம்பர் 17 அன்று அது துயரமான பிழை என ஒப்புக்கொண்டது. பின்னர் நடந்த விசாரணையில், ஏவுவதற்கு இரண்டு நிமிடங்களுக்கு முன்பே காட்சியில் ஒரு குழந்தை தெரிந்ததாகவும், எதிர்பார்த்ததையே காணும் மனச்சாய்வு முடிவைப் பாதித்ததாகவும் கூறப்பட்டது. நங்கநல்லூரில் 20 லிட்டர் கேன் ஏற்றிய குட்டி யானை வண்டி நிற்காத தெரு இல்லை. கேனை இரு கையாலும் தூக்கிச் சற்றுச் சாய்ந்து நடப்பவரின் உருவம் உங்கள் கண்ணுக்கு அன்றாடக் காட்சி. உங்கள் மென்பொருள் எந்தப் படங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டதோ அவற்றில் அந்த உருவம் இருக்கிறதா என்று நீங்கள் எப்போதேனும் தேடியதுண்டா?

இன்னும் அருகில், தமிழே பேசப்பட்ட ஒரு நிலத்தின் அனுபவமும் உங்கள்முன் வைக்கப்பட வேண்டியதாகிறது. இலங்கை விமானப்படையின் வேவு ட்ரோன்கள் ஆயுதம் தாங்கியவை அல்ல. ஆயினும், வன்னி மக்கள் வண்டு என்று பெயரிட்டழைத்த அந்த இரைச்சல் தலைக்கு மேல் கேட்டால், அடுத்து எறிகணையோ கிபீர் போர் விமானமோ வரும் என்று பதுங்குகுழிக்கு ஓடப் பழகியிருந்தனர். 2011இல் வெளியான ஐக்கிய நாடுகள் பொதுச்செயலரின் வல்லுநர் குழு அறிக்கை, மக்கள் கூடும்படி அரசே அறிவித்த தாக்குதலற்ற வலயங்கள் மூன்றிலும் 2009இல் பெருமளவு எறிகணை வீச்சு நிகழ்ந்தது என்ற குற்றச்சாட்டு நம்பத்தக்கது என்றும், அதன் விளைவை அரசின் சொந்த உளவு அமைப்புகளே தெரிவித்த நிலையிலும் அது தொடர்ந்தது என்றும் கூறியது. விடுதலைப் புலிகள் மக்களை வெளியேறவிடாமல் தடுத்ததையும் அதே அறிக்கை கடுமையாகவே பதிந்திருக்கிறது. துல்லியமாகக் காணும் கருவி இருந்தால் பொதுமக்கள் காக்கப்படுவார்கள் என்ற வாதம், விற்பனைக் கையேடுகளில் அடிக்கடி வருவது. வன்னியில் காணும் கருவி இருந்தது, மக்கள் காக்கப்படவில்லை. உங்கள் வகுப்பில் அந்நிலத்திலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளை யாரேனும் இருந்தால், இப்பகுதியைப் பற்றி இம்மடலைவிட நன்றாக அவரால் சொல்ல முடியும்.

இதனால் இத்துறையை நீங்கள் விட்டொழிக்க வேண்டும் என்று இம்மடல் கோரவில்லை. மலாக்கா நீரிணைக்குச் செல்லும் கடல்வழியை இரவும் பகலும் கண்காணிக்க ஆளில்லா ஊர்தி பயன்படும் என்பதும், 2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தின்மீது சிறு ட்ரோன்கள் வெடிபொருளை வீசிய பின், ட்ரோனை அறியாத படை தற்காத்துக்கொள்ள இயலாது என்பதும் மறுக்கத்தக்கவை அல்ல. உங்களில் சிலர், நாங்கள் செய்வது ஏவுகணை இல்லையே, ஒரு சக்கர அமைப்பு, ஒரு பேட்டரிச் சுற்று, நாற்பது வரி நிரல்தானே என்பீர்கள். தபஸ் ஊர்தியின் உள்மடங்கும் தரையிறங்கு சக்கர அமைப்பு, ஆவடியில் போர் ஊர்திகள் ஆய்வு நிறுவனத்தில் உருவானது. வானூர்தி எப்போதும் அப்படிப் பலர் கைகளில் துண்டு துண்டாகத்தான் பிறக்கிறது. ஆகையால், முழு ஊர்தியின் விளைவுக்கு எந்தத் துண்டைச் செய்தவரும் பொறுப்பில்லை என்று சொல்லிவிடுவது எல்லோருக்கும் எளிதாகிறது. அதைத் தடுக்க வல்லது, ஒவ்வொரு துண்டோடும் அதன் குறைபாடு எழுத்தில் பயணிப்பது ஒன்றே.

அந்த எழுத்தை வெளியார் எவரும் கேட்டுப் பெற முடியாது என்பதே உங்களிடம் இக்கோரிக்கை வருவதற்கு முதன்மையான காரணம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், தன் இரண்டாம் அட்டவணையில் உள்ள நிறுவனங்களுக்கு 24ஆம் பிரிவின்கீழ் விலக்கு அளிக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய குற்றச்சாட்டுகள் தவிர ஏனையவற்றை அவை வெளியிட வேண்டியதில்லை. பாதுகாப்பு ஆராய்ச்சி வளர்ச்சி நிறுவனம் அவ்வட்டவணையில் உள்ளது. பன்னாட்டு அளவிலும் நிலை இதனினும் தெளிவானதன்று. மனிதர் தலையீடு இன்றித் தானே இலக்கைத் தேர்ந்து தாக்கும் ஆயுதங்களைப் பற்றி ஐ.நா. பொதுச்சபை 2023 டிசம்பரில் நிறைவேற்றிய தீர்மானத்துக்கு எதிராக வாக்களித்த நான்கு நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. அவ்விவாதத்துக்கு உரிய இடம் ஜெனீவாவில் நடக்கும் மரபாயுத உடன்படிக்கைப் பேச்சே என்பது இந்தியாவின் நிலைப்பாடு. புதிய ஆயுதம் ஒவ்வொன்றையும் சட்டநோக்கில் ஆய்ந்த பின்னரே ஏற்க வேண்டும் என விதிக்கும், ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறையில் இந்தியா உறுப்பு நாடும் அன்று. வெளியிலிருந்து கேட்கும் வாயில்கள் இவ்வாறு ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டிருக்கும்போது, கருவியைச் செய்பவர் தாமாக முன்வந்து எழுதும் பக்கமே எஞ்சுகிறது.

குரோம்பேட்டையில் பயின்ற அப்துல் கலாம், மாணவப் பருவத்தில் தம் குழுவினருடன் வடிவமைத்தது தாழப் பறந்து தாக்கும் ஒரு போர் விமானம் என்பதும், பணி பின்தங்கியதைக் கண்ட பேராசிரியர் மூன்றே நாள் கெடு விதித்ததும், இரவுபகலாக உழைத்து அவர் அதை முடித்ததும் தமிழ்நாட்டுப் பள்ளி மேடைகளில் சலிக்காமல் சொல்லப்படுகின்றன. அக்கதையில் போற்றப்படுவது கெடுவும் உழைப்பும். அந்த விமானம் தாழப் பறந்து எதைத் தாக்கும் என்று அதைக் கேட்கும் பிள்ளைகள் வினவியதாகத் தெரியவில்லை. சென்னைக் கல்லூரிகளின் ரிவியூ அறைகளில் இன்றும் கேட்கப்படுபவை, எடை எவ்வளவு, பறக்கும் நேரம் எவ்வளவு, துல்லிய விழுக்காடு எவ்வளவு என்பவையே. 94 விழுக்காடு என்று ஒரு மாணவர் சொன்னால் கைடு தலையசைக்கிறார். எஞ்சிய 6 விழுக்காட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பதற்குள் அடுத்த குழு உள்ளே வந்துவிடுகிறது.

எனவே உங்கள்முன் வைக்கப்படும் கோரிக்கை இது. இவ்வாண்டு நீங்கள் சமர்ப்பிக்கும் புராஜெக்ட் அறிக்கை எதுவாயினும், அது மருந்துப் பொட்டலம் சுமக்கும் ட்ரோனாகவே இருப்பினும், விவரப் பட்டியலுக்கு எதிர்ப்பக்கத்தில் குறைபாட்டுப் பக்கம் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கட்டுப்பாட்டு இணைப்பு அறுந்தால் ஊர்தி என்ன செய்யும் என்பதை அதில் எழுதுங்கள்: திரும்புமா, வட்டமிடுமா, இறங்குமா, இறங்கினால் எவர் தலையில் இறங்கும். கேமரா எத்தொலைவுக்கு மேல் ஆளின் கையிலிருப்பதைக் காட்டாது என்பதைச் சென்டிமீட்டரில் எழுதுங்கள். மென்பொருள் எவரை எவராகத் தவறாகக் கண்டது என்பதை விழுக்காட்டுக்குப் பதில் படங்களோடு காட்டுங்கள். குழந்தையைப் பெரியவராகக் கண்ட படம் ஒன்று இருந்தால் அதை ஒளிக்காமல் முதலில் வையுங்கள். நிறுத்தும் கட்டளை எந்த நொடி வரை செல்லுபடியாகும், அதனை இட யாருக்கு அதிகாரம் என்பதையும் அப்பக்கமே சொல்ல வேண்டும். மதிப்பெண் குறையும் என்று கைடு தயங்கினால், உங்கள் தெருவிலேயே விமான நிலையத்திலும் ரயில்வேயிலும் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளர்கள் மாலை நேரங்களில் பூங்காவைச் சுற்றி நடக்கிறார்கள். ஒரு விபத்தின் அறிக்கை எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பணிக்காலம் முழுதும் கண்டவர்கள் அவர்கள். அவர்களிடம் அப்பக்கத்தைப் படிக்கக் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

பின்னர் வளாக நேர்காணலில் ஏதேனும் ஒரு ட்ரோன் நிறுவனம் உங்களைத் தேர்ந்து, கேட்க வேண்டியது ஏதும் உண்டா என்று இறுதியில் வினவும்போது, சம்பளத்தையும் பாண்டையும் கேட்ட பிறகு, அந்நிறுவனத்தில் இப்பக்கத்தை யார் எழுதுகிறார், அவர் எழுதியதன் காரணமாக ஒரு வடிவமைப்பு எப்போதாவது திருப்பி அனுப்பப்பட்டதா என்றும் கேளுங்கள். ஜீரோத் ரிவியூவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் குழுவில் கையெழுத்து நன்றாக உள்ளவரிடம் அப்பக்கத்தின் தலைப்பை இன்றே எழுதச் சொல்லிவிடலாம்.